ஓட்டுக்குத் தமிழ், பதிலுக்கு?

கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் எங்க ஊரில் ஞாயிற்றுக்கிழமை நடந்த கிராம சபை வீடியோவை இதுவரை பதினாலு பேர் எனக்கு அனுப்பிட்டீங்க. போதும். நானும் அங்கதான் இருந்தேன், மூணாவது வரிசையில். பெரியம்மா முதுகுக்குப் பின்னாடி ஒரு நீலச் சட்டை தெரியுதே, அது நான்தான். எழுந்து ஒரு வார்த்தை பேசாம உட்கார்ந்திருக்கிறதும் நான்தான். அதைப் பத்தியும் ஒருத்தர் கமெண்ட் போட்டிருக்கார். நன்றி.

வீடியோவில் நாப்பது செகண்டுதான் இருக்கு. முழுசா நடந்தது இது. பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு, மைக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சு, "ஏஞ்சாமி, கொழாய் போட்டு ரெண்டு வருசமாச்சு, மீட்டரும் மாட்டியாச்சு, காத்துதான் வருது, தண்ணி எப்ப வரும்?"னு கேட்டாங்க. மேடையில் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எழுதிக்கிட்டிருந்தவர் பேனாவை மூடி வெச்சார். "மலையாளத்தில் பறயூ அம்மே, மினிட்ஸில் எழுதண்டே?" மலையாளத்தில் சொல்லுங்கம்மா, மினிட்ஸில் எழுத வேண்டாமான்னு கேட்கிறார். கூடத்தில் ஒரே சிரிப்பு. சிரிச்சவங்களில் பாதிப்பேர் வீட்டில் தமிழ் பேசுறவங்க. கடைசியில் பெரியம்மாவும் சிரிச்சுட்டு உட்கார்ந்துட்டாங்க. அதுக்கப்புறம் பழம்பொரியும் டீயும் வந்தது. தண்ணிப் பேச்சு வரல.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின எங்க சித்தூர் தாலுக்கா கிழக்கு ஓரத்தில் இருக்கிறவங்களுக்கு இது புதுசில்லைன்னு தெரியும். ஆனா அதே வார்டில் தேர்தல் சமயத்தில் என்ன நடந்தது? ஜீப்பில் ஸ்பீக்கர் கட்டிக்கிட்டு வந்தவங்க என்ன மொழியில் கத்தினாங்க? வாசலுக்கு வாசல் கொடுத்த நோட்டீஸ் எதில் இருந்தது? ஓட்டு மெஷினில்கூட மலையாளத்தோட தமிழிலும் வேட்பாளர் பேர் இருந்தது. "பெரியம்மா, நான் உங்க புள்ள மாதிரி"ன்னு திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடிச்சவங்க எல்லாரும் சுத்தத் தமிழ்தான் பேசினாங்க. ஓட்டுக் கேட்கத் தமிழ் வருது. பதில் சொல்ல மட்டும் வர மாட்டேங்குது.

"சட்டத்தில் இருக்கா?"ன்னு கேட்கிறவங்களுக்கு: இருக்கு. உங்க குறையை மத்தியிலோ மாநிலத்திலோ புழங்குற எந்த மொழியிலும் எழுதிக் கொடுக்கலாம்னு அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு சொல்லுது. பதில் எந்த மொழியில் வரணும்னு அதில் ஒண்ணும் இல்லை. அந்த ஓட்டையை அடைச்சது கேரளத்தோட சொந்தச் சட்டம்தான். மொழிச் சிறுபான்மைப் பகுதின்னு அறிவிச்ச இடங்களில் தமிழ், கன்னடக்காரங்க உள்ளூர் அரசு ஆபீசுக்கு அவங்க மொழியில் எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே வரணும்னு 1969 ஆட்சிமொழிச் சட்டத்தில் இருக்கு. நல்ல சட்டம். எழுதினவர் கையில் ஒரு முத்தம் கொடுக்கலாம். பேனாவை மூடி வெச்சவருக்கு அதை யாராவது வாசிச்சுக் காட்டினாத் தேவலை.

எங்க வீட்டுக் கதையையும் சொல்லிடறேன். அப்பா போனப்ப நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தேன். இடம் அம்மா பேருக்கு மாறணும். நீங்க பட்டா மாறுதல்னு சொல்றதை இங்க போக்குவரவுன்னு சொல்வோம். விண்ணப்பம் போட்டுட்டு நான் கிளம்பிட்டேன். விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கு, முழுக்க மலையாளத்தில். அம்மாவுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். கரம், அதாவது நில வரி, கட்டின ரசீதுன்னு நெனச்சு, நாலா மடிச்சு, வெத்திலைப் பையில் பத்திரமா வெச்சுட்டாங்க. நான் பொங்கலுக்கு வந்தப்பதான் எடுத்துக் காட்டினாங்க. ஒரு மூலையில் சுண்ணாம்புக் கறை. தேதி தாண்டி ஒன்றரை மாசம். ஆபீசில் போய்க் கேட்டா, "நோட்டீஸ் அயச்சல்லோ." ஆமா, அனுப்பினீங்க. மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிச்சு, கையில் பேப்பர் வர இன்னும் பதினோரு மாசம். அம்மா இன்னிக்கும் அது தன்னோட தப்புன்னுதான் நெனச்சுக்கிட்டிருக்காங்க. எந்த வெள்ளைப் பேப்பர் வந்தாலும் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்கு ஓடுறாங்க.

பக்கத்து வீடு மலையாளி வீடுதான். அந்தச் சேச்சிதான் படிச்சுச் சொல்வாங்க. ரெண்டாவது தடவை என்னோட ஆபீசுக்கு வந்து எனக்காகச் சண்டை போட்டது அவங்க வீட்டுக்காரர். அதனால "மலையாளிகள் மேல வெறுப்பைக் கிளப்புறான்"னு எழுதின அன்பர் தயவுசெஞ்சு வேற வேலை பார்க்கவும்.

"கேரளத்தில் இருந்தா மலையாளம் படி"ங்கிறவங்களுக்கு: படிச்சிருக்கேன். தினமும் டீக்கடையில் மலையாளப் பேப்பர்தான் வாசிக்கிறேன். என் மக மலையாளக் கவிதைப் போட்டியில் பரிசு வாங்கினவ. நான் பேசுறது எனக்காக இல்லைங்க. எழுபது தாண்டின ஒரு பெரியம்மா தண்ணி கேட்கறதுக்கு முன்னாடி மொழிப் பரீட்சை எழுதணுமா? என் தாத்தா கொச்சி ராஜாவுக்குக் கரம் கட்டினவர். கேரளம்னு ஒரு மாநிலம் பிறந்த 1956 நவம்பர் 1ஆம் தேதிக்கு முன்னாடியே நாங்க இதே மண்ணில் இதே பேச்சைப் பேசிக்கிட்டுத்தான் இருந்தோம்.

"தமிழ்நாட்டில் மட்டும் என்ன வாழுது?" சரிங்க, வாழலை. அடுத்தது.

எனக்கு நிஜமா வலிச்சது என் மருமகன் எழுதினதுதான். "மாமா, இந்த ஜனநாயகமே வேஸ்ட். அஞ்சு வருஷம் மிலிட்டரி ஆட்சி வரட்டும், தண்ணி தானா வரும்." தம்பி, மிலிட்டரி ஆட்சியில் பெரியம்மா கையில் மைக் இருக்காது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கிராம சபை கூட்டணும், வார்டு வாக்காளர்களில் பத்து சதவீதம் பேராவது வரணும்னு இங்க சட்டம் இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டு ஆட்டுக்குட்டி கேட்கிற விண்ணப்பத்தைக் கொடுத்துட்டு ஓடுறது யாரு? நாமதான். நீ கடைசியா எப்ப வந்தே?

பிளாச்சிமடை உனக்கு எவ்வளவு தூரம்? 2002 ஏப்ரலில் அங்க இருந்த கோகோ கோலா ஃபாக்டரி வாசலில் பந்தல் போட்டு ஆதிவாசிங்க உட்கார்ந்தாங்க, அவங்களில் ஒருத்தரான மயிலம்மா முன்னாடி நின்னாங்க. ஃபாக்டரி வந்தப்புறம் கிணத்துத் தண்ணியில் சோறு வேகலைன்னுதான் ஆரம்பம். 2003இல் பெருமாட்டி பஞ்சாயத்து லைசன்ஸைப் புதுப்பிக்க மாட்டேன்னுச்சு. 2004 மார்ச்சில் ஃபாக்டரி நின்னுச்சு. உலகம் முழுக்கக் கடை விரிச்ச கம்பெனியை ஒரு பஞ்சாயத்து எதிர்த்து நிக்க முடிஞ்சது அது ஓட்டுப் போட்டு வந்த பஞ்சாயத்துங்கிறதாலதான். இதை நான் நெஞ்சைத் தட்டித்தான் சொல்வேன். ஆனா நஷ்டஈட்டுக்குத் தீர்ப்பாயம் வைக்க 2011இல் சட்டசபை நிறைவேத்தின மசோதாவுக்கு டெல்லியிலிருந்து ஒப்புதல் வரலை. மயிலம்மா 2007லேயே போய்ட்டாங்க. எழுதிக்கிட்டே வரும்போது எனக்கே கோபம் திசை மாறுது. ஃபாக்டரியை நிறுத்துற அளவுக்கு இருக்கிற பலம், ஒரு கேள்விக்குப் பதில் சொல்றப்ப மட்டும் எங்க போகுது?

கடைசியா, கோயம்புத்தூர்லேர்ந்து அந்த வீடியோவுக்குத் தீ எமோஜி போட்டு "தமிழன்டா"ன்னு பகிர்ந்த தம்பிகளுக்கு. தமிழ்நாடும் கேரளமும் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியா வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணி எங்க சித்தூர்ப் புழைக்கு, அதாவது ஆத்துக்கு, வரணும். அதைக் கேட்டு நாங்க பேசினா உங்களுக்கு நாங்க மலையாளிங்க. தண்ணிக்கு மலையாளி, வீடியோவுக்குத் தமிழன். நல்லா இருக்குங்க உங்க கணக்கு.

எழுந்து பேசாத நீலச் சட்டைக்காரன் என்ன கிழிச்சான்னு கேட்ட அண்ணனுக்கு: திங்கட்கிழமை காலையில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தக் கூட்டத்து மினிட்ஸ் நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு கொடுத்துட்டேன். தமிழில்தான் எழுதினேன். வாங்கினவர் ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு சீல் வெச்சார். முப்பது நாள் டைம். பெரியம்மாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். "அதுல நான் பேசுனதை எழுதியிருப்பாங்களா கண்ணு?"ன்னாங்க.