'இன் டியூ கோர்ஸ்' என்றால் எப்போது?

ஓய்வூதிய நிலுவை கேட்டு என் தந்தையார் எழுதிய மனுவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் பதில் வந்தது. கோரிக்கை 'இன் டியூ கோர்ஸ்' பரிசீலிக்கப்படும் என்று அதில் இருந்தது. "அப்படியென்றால் எப்போதப்பா?" என்று கேட்டவரிடம், "சீக்கிரம் என்று அர்த்தம்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து பல மாதங்கள், தபால்காரர் வரும் நேரத்துக்கு அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காத்திருப்பில் பாதிக்கு என் மொழிபெயர்ப்பே பொறுப்பு என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

இத்தொடரில் விரைவு என்ற பொருளே கிடையாது. தாமதம் என்ற பொருளும் கிடையாது. 'கோர்ஸ்' என்பது ஓட்டம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; ஆற்றின் போக்கையும் ஆங்கிலத்தில் அச்சொல்லால்தான் குறிக்கிறார்கள். 'டியூ' என்றால் உரியது, சேர வேண்டியது. ஆக, ஒரு காரியம் தனக்குரிய படிகளை ஒவ்வொன்றாகக் கடந்து வரும்போது நடக்கும் என்பதே இதன் நேர்ப்பொருள். நம் பழைய கடிதங்களில் வரும் 'காலக்கிரமத்தில்' என்ற சொல் இதற்கு மிக அருகில் நிற்கிறது, ஏனெனில் கிரமம் என்பதும் வரிசைதான். 'நாளடைவில்' அவ்வளவு பொருந்தாது. அது யாரும் எதுவும் செய்யாமலே நடப்பதற்கும் பொருந்தும் சொல்.

நேர்மையாக இத்தொடர் பயன்படும் இடத்தைக் காண வேண்டுமானால், காசோலை வழக்குகளில் நாம் கேள்விப்படும் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தைப் பார்க்கலாம். அதன் 9ஆம் பிரிவு 'ஹோல்டர் இன் டியூ கோர்ஸ்' யார் என்று வரையறுக்கிறது: ஆவணத்துக்கு உரிய பிரதிபலன் கொடுத்து, தொகை செலுத்த வேண்டிய நாளுக்கு முன்பே அதைப் பெற்று, கொடுத்தவரின் உரிமையில் குறை உண்டென்று நம்பப் போதிய காரணம் இல்லாதவர். இங்கே மங்கலாக எதுவும் இல்லை, ஏனென்றால் எது முறை என்பதைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

அந்த முறை சொல்லுகிறவர் மனத்தில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொரியாவைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. 1910 முதல் ஜப்பானின் பிடியில் இருந்த அந்நாட்டின் விடுதலை பற்றி, 1943 நவம்பரில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில், சீனத் தலைவர் சியாங் கை ஷேக் ஆகிய மூவரும் கெய்ரோவில் கூடியபோது அறிக்கை ஒன்று தயாரானது. ரூஸ்வெல்டின் ஆலோசகர் ஹாரி ஹாப்கின்ஸ் எழுதிய முதல் வரைவில் 'கூடிய விரைவில்' என்ற பொருள்படும் தொடர் இருந்தது. ரூஸ்வெல்ட் அதைத் 'தகுந்த தருணத்தில்' என்று திருத்தினார். பிரிட்டிஷ் தரப்பு அதையும் மாற்றி 'இன் டியூ கோர்ஸ்' என்று ஆக்கியது. டிசம்பர் 1ஆம் தேதி வெளியான அறிக்கையில் அதுவே நிலைத்தது. இரண்டே திருத்தத்தில் ஒரு தேசத்தின் விடுதலை எவ்வளவு தூரம் தள்ளிப்போகிறது பாருங்கள்! இத்தனைக்கும் ஒரு வாக்குறுதிகூடக் குறைந்ததாகத் தெரியவில்லை.

சீனாவின் சோங்கிங்கில் இயங்கிய கொரிய இடைக்கால அரசின் தலைவர் கிம் கூவுக்கு இச்சொல்லின் சூது புரிந்தது. அவர் அப்போதே எதிர்ப்புத் தெரிவித்தார். ஆனால் பொதுமக்களிடம் அது வேறு விதமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. 1945 செப்டம்பரில் அமெரிக்கப் படைகள் தென்பகுதியில் இறங்கிய பின் சியோலிலிருந்து வாஷிங்டனுக்குச் சென்ற அறிக்கை ஒன்று, இத்தொடரைக் கொரிய மொழியில் 'சில நாட்களில்' அல்லது 'மிக விரைவில்' என்னும் பொருளில்தான் மக்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று குறிப்பிட்டது. அவர்கள் சில நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ரூஸ்வெல்டோ அவ்வாண்டு பிப்ரவரியில் யால்டா மாநாட்டில் சோவியத் தலைவர் ஸ்டாலினிடம், இருபது முப்பது ஆண்டுக் காலப் பொறுப்பாட்சி, அதாவது வல்லரசுகளின் மேற்பார்வை ஆட்சி, தேவைப்படலாம் என்று பேசியிருந்தார். டிசம்பரில் மாஸ்கோ மாநாடு அதை ஐந்தாண்டு வரை என்று குறைத்து அறிவித்தபோதும் தெருக்களில் எதிர்ப்பு வெடித்தது. 1948இல் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு அரசுகள் பிறந்தன.

இத்தொடரை அப்படிக் கொரிய மொழியில் பெயர்த்துச் சொன்னவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை. திண்ணையில் இருந்த ஒருவரிடம் நானும் அதையேதான் செய்தேன். கேட்பவரின் ஆசைக்கு ஏற்பச் சொல்லைச் சாய்த்தேன். நம் அலுவலகங்கள் விரும்பும் 'உரிய காலத்தில்' என்ற தமிழாக்கமும் எனக்கு உவப்பாயில்லை. எது உரிய காலம் என்று தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வியை அது ஆங்கிலத்தைப் போலவே மூடி மறைக்கிறது. அதைவிட, 'முறை' என்ற நம் சொல்லே போதும். ஒழுங்கு என்ற பொருளும், வரிசையில் நம் இடம் என்ற பொருளும் அதற்கு உண்டு. 'தங்கள் முறை வரும்போது' என்று எழுதினால், படிக்கிறவர் உடனே கேட்பார்: எனக்கு முன்னால் எத்தனை பேர்?

என் தந்தையார் அப்படிக் கேட்கக்கூடியவர்தான். நான்தான் அவருக்கு அந்தக் கேள்வியைக் கொடுக்கவில்லை.