பேஸ்பால் சீசன் தொடங்கும்போது எதைப் படிப்பது, எதைத் தள்ளுவது

பிப்ரவரி நடுவில் பிட்சர்களும் (பந்து வீசுபவர்கள்) கேட்சர்களும் (அதைப் பிடிப்பவர்கள்) பயிற்சி முகாமுக்கு வந்து சேர்வார்கள். அன்றிலிருந்து மார்ச் கடைசியில் ஓப்பனிங் டே (சீசன் தொடங்கும் நாள்) வரைக்கும் அமெரிக்க பேஸ்பால் ஊடகங்களுக்கு ஒரே வேலைதான்: யார் ஜெயிப்பார்கள் என்று சொல்வது. முப்பது அணிக்கும் வரிசை எண் போட்டு, அணிகளைப் பிரித்திருக்கும் ஆறு டிவிஷனுக்கும் சாம்பியனை அறிவித்து, அக்டோபரில் கோப்பை யார் கையில் என்பது வரை எழுதிவிடுகிறார்கள். இதில் முக்கால்வாசியைப் படிக்கவே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. கணிப்பு தப்பும் என்பதால் சொல்லவில்லை, எந்தக் கணிப்பும் தப்பத்தான் செய்யும். எவ்வளவு தூரம் தப்பலாம் என்பதை வாசகரிடம் சொல்லாமல் விடுவதுதான் பெரிய குறை. அதைச் சொல்கிற எழுத்தும் இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியது அதைத்தான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். ஓர் அணி பாதிக்குப் பாதி ஜெயிக்கிற தரம் என்று கடவுளே வந்து சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 81 வெற்றி வர வேண்டும். ஆனால் 162-ஐ நாலால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 6.4 வருகிறது. தற்செயலால் மட்டும் ஏற்படுகிற ஏற்ற இறக்கத்தின் அளவு அது. மூன்று சீசனுக்கு ஒன்றில் அந்த அணி 75-க்குக் கீழேயோ 87-க்கு மேலேயோ போய் நிற்கும். காயம், டிரேட் (அணிகளுக்குள் ஆள் மாற்றம்) எதையும் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. 75 வெற்றி என்றால் மேனேஜர் வேலை போகும், 87 என்றால் பிளே ஆஃப் பேச்சு வரும். அப்படியிருக்க, "இந்த அணிக்கு 84, அந்த அணிக்கு 82" என்று போட்டு ஒன்றை மூன்றாம் இடத்திலும் இன்னொன்றை நாலாம் இடத்திலும் வைப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

பெக்கோட்டா என்ற கணிப்பு முறையை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிவிவர ஆய்வாளர் நேட் சில்வர் உருவாக்கியது, 2003-லிருந்து பேஸ்பால் ப்ராஸ்பெக்டஸ் ஆண்டு மலரில் வருகிறது. 2005-இல் கோப்பை வென்ற சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு 2007-இல் வெறும் 72 வெற்றிதான் என்று அது சொன்னபோது சிகாகோவில் பலருக்குக் கோபம். சீசன் முடிவில் ஒயிட் சாக்ஸ் 72 வெற்றி, 90 தோல்வி. அச்சுப் பிசகாமல் பலித்தது. 2015-இல் கான்சஸ் சிட்டி ராயல்ஸுக்கும் அதே 72-ஐச் சொன்னது. ராயல்ஸ் 95 ஆட்டம் ஜெயித்து, கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸையும் தூக்கினார்கள். முதலாவதை வைத்து அதைக் கொண்டாடுவதும் இரண்டாவதை வைத்துத் திட்டுவதும் ஒரே மாதிரித் தவறு. அந்த முறையின் நிஜமான பெருமை வேறு இடத்தில் இருக்கிறது: ஒரு பேட்டருக்கு ஒரே எண்ணைச் சொல்லாமல், மோசமாகப் போனால் இது, நன்றாகப் போனால் இது என்று கீழ் எல்லையிலிருந்து மேல் எல்லை வரை விரித்துக் காட்டுகிறது. முன்னோட்டம் எழுதுகிறவர்கள் அந்த விரிவை வெட்டிவிட்டு நடு எண்ணை மட்டும் எடுத்துப் போடுகிறார்கள்.

ஒரு முன்னோட்ட இதழைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது அது எப்போது அச்சுக்குப் போனது என்பதை. கடைக்கு பிப்ரவரியில் வருகிற இதழ் அதற்குப் பல வாரம் முன்பே முடிக்கப்பட்டது. 2019-இல் மேனி மச்சாடோ பாட்ரேஸுடன் 10 வருடம், 30 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டது பிப்ரவரியில்தான். பிரைஸ் ஹார்ப்பர் ஃபிலிஸுடன் 13 வருடம், 33 கோடிக்கு ஒப்புக்கொண்டது பிப்ரவரி கடைசி நாளில். 2023-இன் சை யங் விருதுக்காரர் (சிறந்த பிட்சருக்கான விருது) பிளேக் ஸ்னெல்லுக்கு 2024 மார்ச் பாதி தாண்டும்வரை அணியே இல்லை. இதற்கெல்லாம் உச்சம் 1970. சியாட்டில் பைலட்ஸ் அணி திவாலாகி, சீசன் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது மில்வாக்கிக்குப் போய் ப்ரூவர்ஸ் ஆனது. பழைய சீருடையில் பெயரைப் பிரித்தெடுத்துப் புதுப் பெயரைத் தைத்துத்தான் முதல் ஆட்டம் ஆடினார்கள். அந்த வருடத்து டாப்ஸ் நிறுவனத்தின் ஆட்டக்காரர் பட அட்டைகளில் இன்றைக்கும் பைலட்ஸ் என்றே இருக்கும்.

அடுத்தது, யார் எவ்வளவு ஆடுவார்கள் என்று அந்த இதழ் வைத்திருக்கிற கணக்கு. ஓர் அணியின் பிட்சர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சீசனில் வீச வேண்டியது சுமார் 1,450 இன்னிங்ஸ் (ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது). முன்னோட்டக் கட்டுரை ஐந்து ஸ்டார்ட்டர்களின் (ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து வீசும் பிட்சர்கள்) பெயரை எழுதி, ஐந்து பேரும் வருடம் முழுக்க நிற்பார்கள் என்ற நினைப்பில் அணியை எடைபோடுகிறது. நடப்பில் ஒரு அணிக்கு ஒன்பது, பத்து ஸ்டார்ட்டர்கள் தேவைப்படுவது சர்வசாதாரணம். ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஆள் யார், ட்ரிபிள்-ஏ-யில் (மைனர் லீக்கின் மேல் படி) யார் காத்திருக்கிறார் என்று எழுதாத முன்னோட்டம் பாதி வேலைதான் செய்திருக்கிறது. நான் முதலில் தேடுவது அந்தப் பத்தியைத்தான்.

பிறகு போன வருடத்து முடிவை அப்படியே நம்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். இதற்குப் பேனாவும் காகிதமும் போதும். அணி எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன்னின் வர்க்கமும் கொடுத்த ரன்னின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்து 162-ஆல் பெருக்குங்கள். பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் கொடுத்த சூத்திரம் இது. 2012-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் எடுத்தது 712, கொடுத்தது 705. சூத்திரப்படி 82 வெற்றி. அவர்கள் ஜெயித்தது 93. ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 29 வெற்றி, 9 தோல்வி என்பதால் வந்த உபரி அது. இப்படி ஓர் அணி அமைந்தால் அடுத்த மார்ச்சில் "ஜெயிக்கத் தெரிந்த அணி", "நெஞ்சுரம்" என்று பக்கம் பக்கமாக எழுத ஆள் இருக்கிறது. 2013-இல் அதே ஓரியோல்ஸ் ஒரு ரன் ஆட்டங்களில் 20 வெற்றி, 31 தோல்வி. மொத்தம் 85. நெஞ்சுரம் ஒரே குளிர்காலத்தில் எங்கேயும் போய்விடவில்லை, அதிர்ஷ்டம்தான் திரும்பியது.

இனி ஸ்பிரிங் ட்ரெய்னிங், அதாவது சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள். புளோரிடாவில் கிரேப்ஃப்ரூட் லீக், அரிசோனாவில் கேக்டஸ் லீக், ஒவ்வொன்றிலும் 15 அணி. இந்த ஆட்டங்களின் பேட்டிங் சராசரியை (அடித்த ஹிட்டை அட்-பேட், அதாவது சராசரிக்குக் கணக்கில் வரும் ஆட்ட முறைகளால் வகுத்தது) தலைப்பில் போடுகிற செய்தியைத் தயங்காமல் தள்ளிவிடலாம். 45 அட்-பேட்டில் .422 என்று இருக்கும். எதிரே வீசியவர்களில் பாதிப் பேர் முதுகில் 80, 90 என்று எண் போட்டுக்கொண்டு ஏப்ரலில் மைனர் லீக்குக்குத் திரும்பப் போகிறவர்கள். ஆறாவது இன்னிங்ஸுக்குள் நட்சத்திர ஆட்டக்காரர்கள் குளித்துவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். அனுபவசாலி பிட்சர் அன்றைக்கு சேஞ்ச்-அப் என்ற மெதுவான பந்து ஒன்றை மட்டும் சோதித்துப் பார்க்க வந்திருப்பார். நாலு ரன் கொடுத்தாலும் திருப்தியோடு போவார். "வாழ்க்கையிலேயே இப்போதுதான் உடம்பு இவ்வளவு கட்டாக இருக்கிறது" என்ற செய்தி முப்பது முகாமிலிருந்தும் வருடம் தவறாமல் வரும். அதற்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை.

முகாமிலிருந்து வருகிற செய்தியில் கவனிக்க வேண்டியவை வேறு. பிட்சரின் வேகம் போன வருடத்தைவிட மணிக்கு 2 மைல் குறைந்து, மார்ச் கடைசி வரை ஏறவே இல்லையென்றால் கவலைப்படலாம். ஸ்டார்ட்டர்கள் ஒரு இன்னிங்ஸ், இரண்டு இன்னிங்ஸ் என்று ஏற்றிக்கொண்டே போய்த் தொடக்க நாளுக்குள் 75-லிருந்து 90 பந்து வரை வீசத் தயாராக வேண்டும். மார்ச் இருபதாம் தேதி தாண்டியும் 40 பந்தில் நிற்கிறவர் ஏப்ரலில் ஐந்து இன்னிங்ஸ் தாங்க மாட்டார். இன்னொன்று, மைனர் லீக் ஆப்ஷன், அதாவது ஆட்டக்காரரை இழக்காமல் கீழே அனுப்பும் உரிமை. 26 பேர் பட்டியலில் கடைசி இரண்டு இடத்துக்குப் போட்டி என்றால், யார் நன்றாக அடிக்கிறார் என்பதைவிட யாரைக் கீழே அனுப்ப ஆப்ஷன் மிச்சமிருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்யும். ஆப்ஷன் தீர்ந்தவரை அனுப்ப நினைத்தால் வேறு அணி தூக்கிக்கொண்டு போய்விடலாம். இதையெல்லாம் எழுதுகிறவர் தினமும் அந்த முகாமிலேயே கிடக்கிற அணி நிருபர். அவருடைய நாலு வரிக் குறிப்பு, தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதப்படும் முப்பது அணி வரிசைப் பட்டியலைவிட எனக்குப் பெரிது. அந்த இனம் குறைந்துகொண்டே வருவது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. நியூயார்க் டைம்ஸே 2023-இல் தன் விளையாட்டுப் பிரிவைக் கலைத்துவிட்டு, முந்தைய வருடம் 55 கோடி டாலருக்கு வாங்கிய தி அத்லெட்டிக் என்ற விளையாட்டுத் தளத்திடம் அந்த வேலையை ஒப்படைத்தது.

சரி, சீசன் தொடங்கிவிட்டது. ஏப்ரல் முதல் இரண்டு வாரம்தான் ஊடகம் அதிகம் சறுக்குகிற காலம். நிஜமான திறமை .270 என்றிருக்கிற பேட்டர் 50 அட்-பேட்டில் .207-லிருந்து .333 வரை எங்கே வேண்டுமானாலும் இருப்பார், அதுகூட மூன்றில் இரண்டு முறைதான். மீதி ஒரு முறை இதற்கும் வெளியே. 600 அட்-பேட் ஆனபிறகுதான் அந்த ஊசல் மேலும் கீழும் 18 புள்ளிக்குள் (.018) அடங்கும். 1994 தொடக்க நாளில் சிகாகோ கப்ஸின் டஃபி ரோட்ஸ் டுவைட் குடன் வீசிய பந்துகளில் மூன்று ஹோம்ரன் (பந்து எல்லைக்கு வெளியே பறக்கும் அடி) அடித்தார். அந்த வருடம் முழுவதிலும் அவர் அடித்தது எட்டு. (பின்னாளில் ஜப்பான் போய் 2001-இல் 55 ஹோம்ரன் அடித்து சதஹாரு ஓவின் ஒரு சீசன் ஹோம்ரன் சாதனையைச் சமன் செய்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) 2006-இல் டெட்ராய்ட்டின் கிறிஸ் ஷெல்டன் முதல் 13 ஆட்டத்தில் 9 ஹோம்ரன், சீசன் முடிவில் 16, இடையில் மைனர் லீக் பயணம் வேறு. அணிகளுக்கும் இதே கதைதான். 2019-இல் சியாட்டில் மரினர்ஸ் 13 வெற்றி, 2 தோல்வி என்று தொடங்கி 68 வெற்றி, 94 தோல்வியில் முடித்தார்கள். அதே வருடம் 19 வெற்றி, 31 தோல்வியில் கிடந்த வாஷிங்டன் நேஷனல்ஸ் கோப்பையை வென்றார்கள். மே மாதத்தில் அவர்களுக்கு எழுதப்பட்ட இரங்கல் குறிப்புகளை இன்றும் தேடி எடுத்துப் படிக்கலாம்.

புத்தகங்கள் பக்கம் வந்தால், கணக்கை வாசகர் கையிலேயே கொடுத்த புத்தகம்தான் என்னைப் பொறுத்தவரை முதல் இடம். பில் ஜேம்ஸ் கான்சஸில் டப்பாவில் உணவு அடைக்கும் ஒரு ஆலையில் இரவுக் காவல் பார்த்துக்கொண்டே 1977-இல் 68 பக்கத்தில் தன் முதல் பேஸ்பால் அப்ஸ்ட்ராக்டை நகலெடுத்து விற்றார். விற்றது 75 பிரதி சொச்சம். 1988 வரை வருடாவருடம் வந்த அந்த மலர்களில் பெயர்கள் எல்லாம் பழசாகிவிட்டன. ஆனால் ஒரு கேள்வியை எப்படிக் கேட்பது, பதிலை எப்படிச் சரிபார்ப்பது என்று அவர் காட்டிய வழி பழசாகவில்லை. இன்னொரு கோடியில் எழுத்தாளர் ரோஜர் ஏஞ்சல். நியூயார்க்கர் இதழ் 1962-இல் அவரை ஸ்பிரிங் ட்ரெய்னிங் பார்க்க புளோரிடாவுக்கு அனுப்பியது. பத்திரிகையாளர் மாடத்தை விட்டுவிட்டுப் பார்வையாளர் வரிசையில் முதியவர்களோடு உட்கார்ந்து எழுதினார். கோப்பை யாருக்கு என்ற கவலையே இல்லாத மார்ச் எழுத்து அது. அறுபது வருடம் தாண்டியும் நிற்கிறது.

இத்தனைக்கும் மேலே தினசரிப் படிப்புக்கு பாக்ஸ் ஸ்கோரை (ஒரு ஆட்டத்தை எண்களில் சுருக்கிய அட்டவணை) மிஞ்ச எதுவும் இல்லை. அதற்கு உருவம் கொடுத்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் நிருபராக இருந்தவர். ஸ்கோர் அட்டை பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு அது ஒரே நாளில் பிடிபட்டுவிடும். ஒரு பிட்சருக்கு எதிரே இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 5 இன்னிங்ஸ், 7 ஹிட், 4 ரன், 0 வாக் (நாலு தப்பான பந்தால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் பேஸ்), 8 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்). மறுநாள் செய்தி "அடி வாங்கினார்" என்று எழுதும். வாக் கொடுக்காமல் எட்டுப் பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தவர் நன்றாகவே வீசியிருக்கிறார். பந்து களத்தில் இடைவெளி பார்த்து விழுந்ததற்கு அவர் முழுப் பொறுப்பில்லை. இதையே திருப்பிப் போட்டு 6 இன்னிங்ஸ், 1 ரன், 5 வாக், 2 ஸ்ட்ரைக்அவுட் என்றிருந்தால் அடுத்த வாரம் அடி காத்திருக்கிறது. பேட்டரிடமும் சராசரிக்கு முன்னால் ஸ்ட்ரைக்அவுட் விகிதத்தைப் பாருங்கள். சுமார் 60 முறை ஆட வந்ததுமே அது ஓரளவு நம்பும்படி ஆகிவிடும், வாக் விகிதத்துக்கு 120 முறை. அடியில் சின்ன எழுத்தில் பந்து எண்ணிக்கை இருக்கும். ரிலீவர் (ஸ்டார்ட்டருக்குப் பின் வந்து வீசும் பிட்சர்) ஒருவர் நேற்று 28, இன்று 24 பந்து வீசியிருந்தால் நாளைக்குப் பெரும்பாலும் அவர் வர மாட்டார். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு ரன் முன்னிலையோடு புல்பென் (ரிலீவர்கள் காத்திருக்கும் இடம்) கதவு திறக்கும்போது வேறு யார் வெளியே வருவார் என்று முதல் நாளே குறித்து வைத்துக்கொள்ளலாம்.