பாட்டைத் தள்ளிவிடும் விரல்

ஒருவருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று அவரிடமே கேட்கக் கூடாது. கேட்டால் எல்லாருமே கொஞ்சம் உசத்தியான ரசிகராகிவிடுவோம். காரில் பென்டிரைவைச் சொருகி ஷஃபிளில் விட்டுவிட்டு, எந்தப் பாட்டு வரும்போது அவர் விரல் அடுத்த பாட்டுக்கான பொத்தானைத் தேடுகிறது என்று பார்த்தால் போதும். வாய் ஆயிரம் சொல்லும். விரலுக்கு யாரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டியதில்லை.

என் பென்டிரைவில் ஒழுங்கு என்று எதுவும் கிடையாது. கேசட்டில் இருந்ததை நண்பன் ஒருவன் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தது, நடைபாதைக் கடை எம்பி3 சிடியிலிருந்து உருவியது, மச்சானின் லேப்டாப்பிலிருந்து அப்படியே அள்ளிக்கொண்டு வந்தது என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. தமிழில் பெயர் வைத்த கோப்புகள் கார் டிஸ்ப்ளேயில் கட்டம் கட்டமாகத் தெரியும். சிலவற்றில் பாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு இணையதள முகவரி ஓடிக்கொண்டிருக்கும். ஜானி படத்தின் 'காற்றில் எந்தன் கீதம்' வரும்போது 'அன்நோன் ஆர்ட்டிஸ்ட்' என்று காட்டுகிறது. பாடுவது எஸ்.ஜானகி! அந்தப் பாட்டை நான் தள்ளியதே இல்லை. படத்தில் கொட்டும் மழையையும் ஸ்ரீதேவியையும் பார்க்காதவர் கேட்டாலும், வருவாரோ மாட்டாரோ என்று ஒருவருக்காகக் காத்திருக்கும் தவிப்பு அந்தக் குரலிலேயே தெரிந்துவிடும்.

'பூவே செம்பூவே' கேசட்டிலிருந்து வந்தது. 'சொல்லத் துடிக்குது மனசு' 1988இல் வெளிவந்த படம். படத்தை நினைவு வைத்திருப்பவர்களைவிட இந்த ஒரு பாட்டை நினைவு வைத்திருப்பவர்கள் அதிகம். ஜேசுதாஸ் பாடும் வரிகளை மறந்தவர்கள்கூட அதன் இடையிசையை வாயாலேயே வாசித்துக் காட்டிவிடுவார்கள். என்னிடம் உள்ள கோப்பில், இரண்டாவது இடையிசையில் வயலின்கள் சேர்ந்து ஏறும் இடத்தில் சத்தம் ஒரு நொடி அமுங்கி, சுருதி லேசாகக் கீழே இறங்கி, பிறகு சரியாகிவிடும். டேப் கசங்கிய இடம் அது. டெக்கின் ரோலரில் சிக்கியதை விரலால் மெல்ல இழுத்து எடுத்து நீவிவிட்டவன் நான்தான். இப்போது ஆப்பில் அதே பாட்டைப் பளிச்சென்று கேட்கலாம். கேட்டேன். அந்த இடம் எந்தக் குறையும் இல்லாமல் கடந்து போனபோது என் காதுதான் தடுமாறியது. ஆகவே ஆப்பில் இருப்பதை விட்டுவிட்டுக் கசங்கிய பாட்டையே கேட்கிறேன். இதற்கெல்லாம் நியாயம் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அடுத்து சொல்லப் போவதற்கு அடிக்க வராதீர்கள். 'இளைய நிலா பொழிகிறதே' வந்தால், கிடார் முடியும்வரை கேட்பேன். எஸ்.பி.பி. பல்லவியை எடுத்ததும் பல நாள் தள்ளிவிடுவேன். எஸ்.பி.பி. மேல் எனக்கு என்ன குறை? ஒன்றுமில்லை. அந்தப் பல்லவியை ஊர்த் திருவிழா மெல்லிசைக் கச்சேரி, கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா என்று எங்கு போனாலும் யாராவது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பாடிக் கேட்டாகிவிட்டது. காது புளித்துப் போன பிறகு நிஜமான எஸ்.பி.பி. வந்தாலும் அந்த அண்ணன்மார்களின் முகம்தான் முன்னால் வருகிறது. கிடார் அப்படியில்லை. பதிவில் அதை வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். நான் பார்த்த மேடைகளில் ஒன்றில்கூட அந்த வாசிப்பை யாரும் ஒழுங்காகக் கொண்டுவரவில்லை. பாதியிலேயே கீபோர்டுக்காரர் காப்பாற்ற வந்துவிடுவார். அதனால் அந்தத் துண்டு மட்டும் இன்னும் 1982லேயே புதிதாக இருக்கிறது.

'சின்னச் சின்ன ஆசை'யும் இதே வழக்கில் மாட்டியதுதான். பள்ளி ஆண்டு விழாக்கள் அதை எனக்கு இல்லாமல் செய்துவிட்டன. ஆனால் அதே ரோஜாவின் 'புது வெள்ளை மழை' ஓடட்டும் என்று விடுகிறேன்.

இப்போது ஸ்வர்ணலதா. நான் தேடிப் போய் அவர் பாட்டுகளைச் சேர்த்ததே கிடையாது. ராஜா பாட்டு, ரஹ்மான் பாட்டு, தேவா பாட்டு என்று சேர்த்ததில் எல்லாவற்றிலும் அவர் இருந்திருக்கிறார். 'முக்காலா முக்காபுலா'வில் மனோவுக்குச் சரிக்குச் சரியாக நிற்பவரும், 'எவனோ ஒருவன் வாசிக்கிறா'னில் புல்லாங்குழலுக்கு வழிவிட்டுப் பாடுபவரும் ஒரே ஆள்தான் என்பது எனக்கு வெகுகாலம் உறைக்கவில்லை. 'மாலையில் யாரோ மனதோடு பேச' பாட்டைக் கேட்டுப் பாருங்கள். க்ஷத்ரியன் வந்தது 1990இல். அவர் பிறந்தது 1973. பதினேழு வயசு! ஆசையைச் சொல்லும் பாட்டுதான். கொஞ்சம் குழைந்து பாட எத்தனையோ இடம் இருக்கிறது. அவர் எங்குமே குழையவில்லை. தனக்குத் தானே முணுமுணுத்துக்கொள்வதை யாரோ ஒளிந்திருந்து பதிவு செய்துவிட்டார்களோ என்று தோன்றும். இது வந்துவிட்டால் காரில் யாராவது பேசினாலே எனக்குக் கோபம் வரும்.

அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்த 'போறாளே பொன்னுத்தாயி'யும் அதே பென்டிரைவில் இருக்கிறது. கருத்தம்மா, 1994. அதை மட்டும் முதல் வரியிலேயே தள்ளிவிடுகிறேன். கையில் ஸ்டீரிங்கை வைத்துக்கொண்டு கேட்கிற பாட்டல்ல அது. உன்னி மேனனும் சுஜாதாவும் பாடிய அதே மெட்டின் சந்தோஷ வடிவம் வந்தால் நிம்மதியாகக் கூடவே பாடுவேன். ஸ்வர்ணலதா 2010இல் போய்ச் சேர்ந்துவிட்டார், முப்பத்தேழு வயதில். அந்தச் செய்தி தெரிந்தபின் அந்தப் பாட்டு இன்னும் கனத்துவிட்டது. ஆகவே விரல் தள்ளுவதெல்லாம் பிடிக்காததால் மட்டுமல்ல என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் அது முதல் பத்துக்குள் இருக்கிற பாட்டு.

அவரோடு 'உசிலம்பட்டி பெண்குட்டி' பாடிய சாகுல் ஹமீதையும் சொல்லிவிட வேண்டும். 'ராசாத்தி என் உசுரு' திருடா திருடாவில் வரும். ரஹ்மான் வாத்தியங்களை மொத்தமாக ஒதுக்கி வைத்துவிட்டு, மனிதக் குரல்களை மட்டும் வைத்துக் கட்டிய பாட்டு. வீட்டில் நல்ல ஸ்பீக்கரில் கேட்பதைவிட, பெருந்துறை தாண்டி ராத்திரி நேரத்தில் டயர் சத்தமும் காற்றும் கலந்து கேட்கும்போது இன்னும் எடுப்பாக இருக்கிறது. சாகுல் ஹமீது 1997இல் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். இதை ஓட்டிக்கொண்டே நினைக்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

பின் சீட்டில் உட்காரும் என் மகளுக்குத் தனிச் சட்டம். 'மறுவார்த்தை பேசாதே'யில் கை வைத்தால் "அப்பா, தொடாதீங்க!" என்று குரல் வரும். அந்தப் பாட்டு 2017இல் வந்தபோது இசையமைப்பாளர் பெயரை 'மிஸ்டர் எக்ஸ்' என்று மறைத்து வைத்திருந்தார்கள். தர்புகா சிவா என்று பிறகுதான் தெரிந்தது. படம் திரைக்கு வந்தது 2019 கடைசியில். இரண்டு வருஷத்துக்கு மேலாகப் படமே இல்லாமல் வெறும் பாட்டாக அதைக் கேட்டோம். யாருக்கு எந்த முகம் வேண்டுமோ அதை ஒட்டிக்கொள்ளலாம். தாமரையின் வரிகள் அதற்கு இடம் கொடுத்தன. படம் வந்து காட்சியைப் பார்த்தபின் என் முகங்கள் போய்விட்டன. சித் ஸ்ரீராமின் உச்சரிப்பைப் பற்றி இங்கே நடக்கும் சண்டையில் நான் இல்லை. எனக்கு அந்தக் காட்சிதான் எதிரி.

பழைய பாட்டுகளில் நேர்மாறாக ஒன்று இருக்கிறது. 'அவளுக்கென்ன அழகிய முகம்' பாட்டைக் காட்சி இல்லாமல் என்னால் கேட்கவே முடியாது. சர்வர் சுந்தரத்தில் அந்தப் பாட்டின்போது எம்.எஸ்.வி.யே திரையில் நின்று வாத்தியக் குழுவை நடத்துவார். 1964இல் ஒரு பாட்டுப் பதிவு எப்படி இருந்திருக்கும் என்று காட்டிவிட்டு, அப்புறம்தான் நாகேஷின் ஆட்டத்துக்குப் போவார்கள். டி.எம்.எஸ். குரல் நாகேஷுக்குப் பொருந்துமா என்று யோசிக்கவே நேரம் தராத வேகம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் சண்டை போடாமல் கேட்கும் பாட்டு இது ஒன்றுதான்.

கடைசியாக தேவா. சபையில் தேவா பிடிக்கும் என்று சொல்லப் பலருக்கும் கூச்சம். அங்கேயிருந்து எடுத்தார், இங்கேயிருந்து எடுத்தார் என்று முதலில் ஒரு பட்டியல் வாசித்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார்கள். எங்கள் பெரியப்பா இன்னும் ஒரு படி மேல். கர்நாடக சங்கீதத்துக்குக் கீழே இறங்கவே மாட்டார். சினிமாப் பாட்டு என்றால் பாபநாசம் சிவனோடு முடிந்துவிட்டது என்பது அவர் கட்சி. அவரை ஒரு கல்யாணத்துக்கு அழைத்துக்கொண்டு போனபோது, பென்டிரைவ் தன் இஷ்டத்துக்குக் காதல் கோட்டையிலிருந்து 'கவலைப்படாதே சகோதரா'வை எடுத்துவிட்டது. பாடியதும் தேவாதான். மரியாதைக்கு நான் அவசரமாக விரலை நீட்டினேன்.

"இருக்கட்டும் விடுப்பா, ஓடட்டும்" என்றார் பெரியப்பா. கொஞ்ச நேரத்தில் முழங்காலில் தாளம் விழ ஆரம்பித்தது. ஆதி தாளமெல்லாம் இல்லை, சுத்தமான கானா.