இன்னும் பத்து நாள் பாப்போம்

மழை தப்பி ரெண்டு வருஷம் ஆச்சு, மூணாவது வருஷமும் அப்படித்தான் போகுது. மாடு வெச்சிருக்கறவங்க யார்கிட்ட பேசினாலும் முதல் கேள்வி வைக்கோல் எங்க கிடைக்கும், சோளத்தட்டு யார்கிட்ட இருக்குங்கறதுதான். நான் சொல்ல வர்றது பல பேருக்குப் பிடிக்காது, ஆனா சொல்லியே ஆகணும். வைக்கோல் தேடி ஓடறதுக்கு முன்னாடி கையில இருக்கற தீவனம் எத்தனை மாட்டுக்கு வரும்னு கணக்குப் போடுங்க, மிஞ்சற மாட்ட அது நல்லா நடக்கறப்பவே, உடம்பு இருக்கறப்பவே வித்துடுங்க. மாட்டு மேல பாசம் இல்லாதவன் பேசற பேச்சுன்னு நினைச்சுடாதீங்க. பாசத்துல விக்காம வெச்சிருந்துதான் நான் ஒரு மாட்ட கண்ணு முன்னாடி பறிகொடுத்தேன்.

போன வறட்சியப்ப எங்ககிட்ட 14 மாடு. முதல் மழை வரலன்னதும் அப்பாகிட்ட நாலஞ்சு மாட்ட குறைச்சுக்கலாமான்னு கேட்டேன், இன்னும் பத்து நாள் பாப்போம்ப்பான்னாரு. பத்து நாள் கழிச்சு நானே கேக்கல, ஏன்னா மேகம் கறுத்து நின்னுச்சு, வந்துடும்னு எனக்கும் நம்பிக்கை. அப்படியே பத்து பத்து நாளா நாலு மாசம் ஓடிப்போச்சு. வைக்கோல் போர பாத்தா மலை மாதிரி இருந்துச்சு, ஆறு மாசத்துக்குப் பயமில்லன்னு நினைச்சோம், ஒருத்தரும் எடை போட்டுப் பாக்கல.

மாட்டோட எடை தெரிஞ்சா அது எவ்வளவு தின்னும்னு கணக்குப் போட்டுடலாம், அதுக்கு ஒரு டேப் இருந்தா போதும். மாட்ட சமதரையில நிறுத்தி முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்ச சுத்தி இஞ்ச்ல அளங்க, அப்புறம் தோள்பட்டை முனையிலருந்து வாலுக்குப் பக்கத்துல துருத்திட்டு இருக்கற எலும்பு வரைக்கும் நீளம் அளங்க. சுத்தளவ சுத்தளவாலயே பெருக்கி, அத நீளத்தால பெருக்கி, 660ஆல வகுத்தா ஏறக்குறைய கிலோ எடை வந்துடும். 64 இஞ்ச் சுத்து, 56 இஞ்ச் நீளம்னா 347 கிலோ. ஒரு மாடு ஒரு நாளைக்கு அது எடையில நூத்துக்கு 2லருந்து 2.5 கிலோ வரைக்கும் உலர்பொருளா தின்னும், அதாவது தண்ணி எல்லாம் கழிச்ச கணக்கு. 350 கிலோ மாட்டுக்கு 8 கிலோன்னு வெச்சுக்குவோம். வைக்கோல்லயே நூத்துக்கு 10 பங்கு ஈரம் இருக்கும், அதனால 9 கிலோ போடணும், காலுல மிதிச்சு வீணாக்கறது ஒரு கிலோ, ஆக 10 கிலோ. 14 மாட்டுக்கு நாளைக்கு 140 கிலோ. எங்க போர்ல இருந்தது சுமார் 8 டன்னுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. வகுத்துப் பாருங்க, 57 நாள். ஆறு மாசம்னு நாங்க தெம்பா இருந்தது வெறும் 57 நாள் தீவனத்த வெச்சுக்கிட்டு.

அந்த 57 நாள்ல மேய்ச்சல் காட்டையும் சேத்து அழிச்சோம். இதுதான் எனக்கு இன்னிக்கும் ஆறாத விஷயம். தீவனத்த மிச்சம் பண்றதா நினைச்சு பகல் பூரா மாட்ட காட்டுல விட்டோம். தரையோட தரையா புல்ல கரண்டுச்சுங்க. ஒரு நாள் நான் ஒரு புல்லுத் தூர பிடிச்சு இழுத்தேன், எதிர்ப்பே இல்லாம கையோட வந்துடுச்சு, வேர் நாலு விரக்கடை கூட இல்ல, அதுவும் கறுத்துப் போயி நூலு மாதிரி. வேலிக்கு அந்தப் பக்கம் மாடு எட்டாத இடத்துல அதே புல்லு காஞ்சுதான் நின்னுச்சு, ஆனா இழுத்தா அசையல. 1955ல க்ரைடர்னு ஒரு ஆராய்ச்சிக்காரர் இதத்தான் அளந்து எழுதினாரு. இலையில பாதிய எடுத்தா வேர் வளர்ச்சி பெருசா பாதிக்காது, 70 சதவீதம் எடுத்தா வேர்ல முக்கால்வாசிக்கு மேல வளர்றத நிறுத்திடும், 80 சதவீதம் எடுத்தா பன்னெண்டு நாளைக்கு மொத்த வேரும் நின்னுடும். ஈரம் இருக்கற காலத்துலயே அப்படின்னா வறட்சியில அந்தப் புல்லு எப்படி எந்திரிக்கும்? வைக்கோல காசு குடுத்தாவது வாங்கலாம், செத்த வேர எந்தக் கடையில வாங்கறது? அதனால என் கருத்து, பாதி புல்லு போனதும் மாட்ட காட்ட விட்டு வெளிய எடுத்துடணும், ஒரு சின்ன பட்டியில அடைச்சு அங்கயே வெச்சு தீனி போடணும். அந்த ஒரு இடம் பாழாகும், ஆகட்டும், மத்த காடு தப்பிக்கும்ல. வாங்கற வைக்கோல்ல களை விதை வந்தாலும் அந்த ஒரு இடத்துலயே முளைக்கும், கண்டுபிடிச்சு புடுங்கிடலாம்.

எங்க செவலைய பத்தி சொல்றேன். பன்னெண்டு வயசு, பல்லு தேஞ்சு போச்சு, சினையும் நிக்கல. கணக்குப் படி முதல்ல போயிருக்க வேண்டியது அதுதான், ஆனா எட்டு கன்னு குடுத்த மாடு, எப்படி விக்கறதுன்னு வெச்சிருந்தோம். வைக்கோல அதால சரியா மெல்ல முடியல, வாயில வெச்சு வெச்சு துப்பும். முதுகெலும்பு தெரிஞ்சுது, அப்புறம் இடுப்பு பக்கம் கைய வெச்சா குட்டை விலா எலும்பு ஒவ்வொண்ணா எண்ணலாம்ங்கற நிலைமை. அந்த நேரத்துல வித்தாலும் வண்டியில ஏத்த முடியாது, வழியிலயே படுத்துடும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஒரு விடியக்காலம் படுத்தது எந்திரிக்கல. நாங்க நாலு பேரு சாக்க அடியில குடுத்து தூக்கறோம், பின்னங்கால் ஊனுது, நடுங்குது, மறுபடி உக்காந்துடுது. மூணாவது நாள் தண்ணிய மூஞ்சிகிட்ட வெச்சா நாக்கால நக்க கூட இல்ல, என்னையே பாத்துட்டு இருந்துச்சு. பாசத்துல வெச்சிருந்தோம்னு நாங்க சொல்லிக்கிட்டோம், அந்த மூணு நாள அனுபவிச்சது அதுதானே, நாங்க இல்லையே.

அதனாலதான் சொல்றேன், யாரை அனுப்பறதுன்னு மழை தப்பின முதல் மாசத்துலயே பேப்பர்ல எழுதிடுங்க. பல்லு போனது, சினை பாத்து காலியா இருக்கறது, அடிக்கடி மடிநோவு வர்றது, தேவைக்கு மேல இருக்கற காளைங்க. நடுவயசு சினை மாட்டையும் இன்னும் ஈனாத நல்ல கிடேரியையும் கடைசி வரைக்கும் காப்பாத்துங்க, மழை வந்தா மந்தைய மறுபடி எழுப்பறது அதுங்கதான். பக்கத்துல ஒரு தேதியையும் எழுதிடுங்க, அன்னிக்குள்ள மழை வரலன்னா யார் என்ன சொன்னாலும் அனுப்பணும். எல்லாரும் ஒரே நேரத்துல விக்க வரப்ப போறது மாட்டுக்கும் கேடு, நமக்கும் கேடு. கன்னு ஊட்டிட்டு இருக்கற மாட்டுக்கு வத்தின மாட்ட விட கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு சத்து வேணும், அதனால மூணு நாலு மாசம் ஆன கன்ன சீக்கிரமே பிரிச்சு நல்ல கலப்புத் தீவனத்துல வளக்கறது ரெண்டுக்குமே நல்லது. பாவம்னு தோணும், எனக்கும் தோணுச்சு, ஆனா தாய் தேறுச்சு, கன்னும் தேறுச்சு.

வெறும் வைக்கோல்ல வயிறு நிறையும், உடம்பு நிக்காது, ஏன்னு ரொம்ப பேருக்குப் புரியறதில்ல. மாட்டோட முதல் வயித்துல இருக்கற நுண்ணுயிருங்கதான் நார செரிக்குது, அதுக்கு புரதம் வேணும். தீவனத்துல புரதம் 7 சதவீதத்துக்குக் கீழ போனா செரிமானமே மந்தமாயிடும், மாடு திங்கறதையும் குறைச்சுக்கும். நெல்லு வைக்கோல்ல இருக்கறது 3, 4 சதவீதம்தான். கொஞ்சம் புண்ணாக்கு சேத்தா அதே வைக்கோல் நல்லா செரிக்கும். இல்லன்னா யூரியா பதப்படுத்தலாம், 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவ அம்பது லிட்டர் தண்ணியில நல்லா கரைச்சு, அடுக்கடுக்கா தெளிச்சு மிதிச்சு, காத்து போகாம தார்ப்பாய் போட்டு 21 நாள் மூடி வைக்கணும், எடுத்ததும் கொஞ்ச நேரம் ஆத்திட்டுத்தான் போடணும், ஆறு மாசத்துக்குள்ள இருக்கற கன்னுக்கு போடவே கூடாது. கரைச்ச யூரியா தண்ணிய மாடு வாய் வெக்கற இடத்துல வெச்சுட்டுப் போயிடாதீங்க, குடிச்சா கொஞ்ச நேரத்துல உயிரே போயிடும்.

வாடின சோளப்பயிர பாத்து கைய நீட்டாதீங்க. மழை இல்லாம குட்டையா நிக்கற சோளத்துலயும், அறுத்த கட்டையிலருந்து புதுசா துளுக்கறதுலயும் சயனைடு விஷம் ஏறி இருக்கும், மேஞ்ச கொஞ்ச நேரத்துலயே மாடு விழுந்துடும். நல்லா காயவெச்சா அது குறையும். ஆனா நைட்ரேட்னு இன்னொரு விஷம் இருக்கு, அது தண்டோட அடிப்பாகத்துல சேரும், எவ்வளவு காயவெச்சாலும் போகாது. அதனால அறுக்கறப்ப அடிக்கட்டைய ஒரு முழமாவது விட்டு அறுங்க, சந்தேகமா இருந்தா பரிசோதனைக்கு அனுப்பிட்டு போடுங்க. சயனைடுல ரத்தம் பளிச்சுன்னு செவப்பா இருக்கும், நைட்ரேட்டுல சாக்லேட் கலர்ல இருக்கும், டாக்டர்கிட்ட அந்தக் கலர சொன்னாலே அவங்களுக்குப் பாதி புரிஞ்சுடும்.

மாடு எலும்பு, துணி, செருப்புன்னு கடிக்க ஆரம்பிச்சா பசின்னு விட்டுடாதீங்க, பாஸ்பரஸ் குறைவா இருக்கலாம், செத்த பிராணியோட எலும்ப கடிச்சு பாட்டுலிசம்ங்கற விஷ நோய் வந்து செத்துப்போன மாடுங்க உண்டு. தாது உப்பு வைங்க. பல மாசமா பச்சையே பாக்காத சினை மாட்டுக்கு வைட்டமின் ஏ தீந்துடும், கன்னு பலவீனமாவோ கண்ணு தெரியாமலோ பொறக்கும், முன்னாடியே ஊசி போட்டா தடுக்கலாம். தண்ணிய குறைச்சா தீனியும் தானா குறையும், வெயில் காலத்துல பெரிய மாட்டுக்கு 50 லிட்டருக்குக் குறையாம வேணும், பால் குடுக்கறதுக்கு இன்னும் மேல. வத்தின குட்டையில பச்சையா பாசி படிஞ்சு நின்னா அங்க குடிக்க விடவே விடாதீங்க.

வாங்கற வைக்கோல எடை போட்டு வாங்குங்க, கட்டு எண்ணி வாங்காதீங்க. கொஞ்சம் உள்ள கைய விட்டுப் பாருங்க, சூடா இருந்தாலோ புழுங்கின வாடை வந்தாலோ வேணாம். வெச்சிருக்கறத தரையில போடாம கட்டை மேல அடுக்கி மூடி வைங்க. உருட்டிக் கட்டின அஞ்சடி விட்டமுள்ள வைக்கோல் ரோல்ல வெளிப்பக்கம் அரையடி கெட்டுப்போச்சுன்னா சின்ன நஷ்டம் மாதிரி தெரியும், ஆனா மூணுல ஒரு பங்குக்கு மேல போச்சு, கணக்குப் போட்டுப் பாத்தப்ப எனக்கு வயிறெரிஞ்சுது.

மழை வந்ததும் எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்கறோம் பாருங்க, அந்த வாரத்துலதான் எங்களுக்கு ஒரு கன்னும் போச்சு. ராத்திரி பூரா குளிர் காத்தோட மழை, மெலிஞ்ச உடம்புல சூடு தாங்க கொழுப்பே இல்ல, காலையில ஓரமா ஒண்டி வெறச்சுக் கிடந்துச்சு. மேகம் கட்டறப்பவே மெலிஞ்சதுங்கள கூரைக்குள்ள கொண்டு வந்துடுங்க. பச்ச தெரிஞ்ச உடனே காட்ட திறந்தும் விடாதீங்க, அந்த முதல் துளிர் பாதிக்கு மேல தண்ணிதான், மாடு கழியும், மிச்சம் இருந்த வேரும் போயிடும், விஷக் களைங்கதான் முதல்ல தழையும். புல்லு முழங்கால் எட்டற வரைக்கும் பட்டியிலயே வைக்கோல் போடணும், அந்த சில வாரத்துக்கான வைக்கோலையும் சேத்துத்தான் ஆரம்பத்துலயே எண்ணணும். நாங்க எண்ணல.

இந்தத் தடவை கொட்டாய் செவுத்துல சுண்ணாம்புக் கட்டியால தேதி எழுதி இருக்கு, நான் எழுதல, அப்பா எழுதினது. 11 மாடு இருக்கு, போர்ல 6 டன். நாளைக்கு டாக்டரம்மா சினை பாக்க வர்றாங்க. செவலையோட கடைசிக் கிடேரியும் அந்த வரிசையில நிக்குது, அது காலியா இருந்தா அதோட பேரையும் பேப்பர்ல எழுதணும்.