பாரமான ரயர் இழுவையைக் கூட்டுமா?
பாரம் கூடிய ரயர் போட்டால் பிக்கப் வாகனத்தின் இழுவை கூடும் என்ற பதிவொன்றைப் பலரும் பகிர்ந்துள்ளனர். அன்புகூர்ந்து ஒரு திருத்தம்: இயந்திரத்தின் வலு மாறுவதில்லை, பாரமான சில்லைச் சுழற்றி எடுக்கவே அதில் கூடுதலான பங்கு செலவாவதால், வாகனம் வேகமெடுக்கத் தாமதிக்கும். விட்டமும் கூடினால் நிலத்தைத் தள்ளும் விசை மேலும் குறையும். 265/70 ஆர்17 என்ற அளவுள்ள ரயரின் விட்டம் ஏறத்தாழ 803 மில்லிமீற்றர், 285/70 ஆர்17 இன் விட்டம் 831, ஆகவே அதே கியரில் 3 சதவீதத்துக்கு மேல் இழப்பு. மாரிகாலத்து வயல்வழிச் சேற்றில் உதவுவது ரயர்ப் பள்ளங்களின் வடிவமும் காற்றின் அளவுமே.

ஐயமுள்ளோர் பாரம் குறைந்த சில்லையும் கூடிய சில்லையும் நெல் நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு, மாங்குளம்–முல்லைத்தீவு வீதியின் ஒரே நேர்த்துண்டில், ஒரே சுமையுடன், ஒவ்வொரு வகைச் சில்லையும் பூட்டி, 20 இலிருந்து 60 கிலோமீற்றர் வேகத்தை எட்டும் நேரத்தை அளக்கலாம். வேகத்தைக் கைபேசியின் ஜிபிஎஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். பெரிய ரயரில் வேகமானி உள்ளதைவிடக் குறைத்தே காட்டும்.