ஸ்பிரிங் பட்டை சேர்ப்பதும் வண்டியை உயர்த்துவதும் ஒன்றா?

நான் படித்த கட்டுரை ஒன்றில், பிக்கப் வண்டியில் செய்யும் மாற்றங்கள் அனைத்தையும் 'பொழுதுபோக்கு' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார் கட்டுரையாளர். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் பொலேரோ பிக்கப்பில் நான் செய்தது, தார்ப்பாய் கட்டச் சில வளையங்களும் பெட்டிகள் நழுவாமலிருக்க ரப்பர் விரிப்பும்தான். பின்பக்கம் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போடச் சொன்னார் பட்டறைக்காரர், மறுத்துவிட்டேன். பட்டை சேர்த்தால் பாரத்தில் வண்டி தொய்யாது, உண்மை. ஆனால் அச்சும் பிரேக்கும் டயரும் பழையவைதானே? காலி வண்டியில் திரும்பும்போது நம் முதுகுதான் கழன்றுபோகும்.

காட்டுப் பாதையில் ஓட்டி மகிழ்கிறவர்கள் வேறு ரகம். வண்டியை உயர்த்திப் பெரிய டயர் மாட்டுகிறார்கள். பாறையில் அடி தட்டாது. ஆனால் வண்டியின் எடை மையம் உயர்ந்து, வளைவில் கவிழும் அபாயம் கூடுகிறது. வேகமானியும் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. கட்டுரையில் இதற்கு ஒரு வரி கூடவா இடமில்லை?