பிராக்ல ராத்திரி 10 மணிக்கு மேல

செக் நாட்டுத் தலைநகர் பிராக்ல நகராட்சி 2024 அக்டோபர்ல ஒரு முடிவு எடுத்தாங்க. ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் கைடு வச்சு கும்பலா பார் பாரா கூட்டிட்டுப் போற டூர் நடத்தக் கூடாதுன்னு. போய்ட்டு வந்த ஃபிரெண்ட்ஸ் பாதி பேருக்கு இதுல செம கடுப்பு, எனக்கு என்னமோ இது எப்பவோ செஞ்சிருக்கணும்னுதான் தோணுது. சும்மா சொல்லல, அதுக்கு முந்தி நானே காசு கட்டி அந்த டூர் போனவன்தான். நாலு பார், ஒவ்வொண்ணுலயும் முக்கா மணி நேரம், பேரு தெரியாத ஒரு பச்சை கலர் ஷாட், இருபது பேரு கத்திக்கிட்டே கல்லு பாவின சந்துல போறோம், மேல ஒரு பாட்டி ஜன்னலத் திறந்து எங்கள ஒரு பார்வை பாத்துட்டு மூடிட்டாங்க. திட்டிருந்தாக்கூட பரவால்ல.

மறுநாள் தனியா ஹுசோவா தெருவுல 'உ ஸ்லாட்டேஹோ டிக்ரா'ங்கிற பீர் பாருக்குப் போனேன், தங்கப்புலின்னு அர்த்தம். 1994ல அப்போ செக் அதிபரா இருந்த ஹாவெல், அமெரிக்க அதிபர் கிளிண்டனக் கூட்டிட்டு வந்து எழுத்தாளர் ஹ்ரபாலோட உக்கார வச்ச இடம். மத்தியானம் 3 மணிக்குத்தான் திறக்கும், அதுக்கு முன்னாடியே வாசல்ல ஆளு நிக்கும். தனி டேபிள்லாம் எதிர்பாக்காதீங்க, யாரு பக்கத்துல இடம் இருக்கோ அங்க ஒண்டிக்கணும். மெனு பாக்க வேலையே இல்ல, வர்றது பில்ஸ்னர் பீர், 1842ல இருந்து பில்சன் ஊர்ல காய்ச்சுறது.

மொத கிளாஸ்ல நுரையப் பாத்துட்டு ஏமாத்துறாங்கன்னு நெனச்சேன். பக்கத்துல இருந்த பெரியவருக்கு சிரிப்பு தாங்கல. அந்தக் கெட்டி நுரைதான் காத்து பட்டு பீர் கெடாம காக்குதாம், நுரையவே கிளாஸ் முழுக்க ஊத்தி 'ம்லீகோ', அதாவது பாலுன்னு பேரு வச்சுக் குடிக்கிற ஊருங்க அது!

வெயிட்டர் சிரிக்க மாட்டாரு. அத வச்சு ஒரு ஸ்டார் ரிவ்யூ போடுறவங்களப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். கிளாஸ் காலியானா கேக்காமலே அடுத்தது வந்துடும், டேபிள்ல கெடக்குற துண்டு சீட்டுல ஒரு கோடு போடுவாரு, போதும்னா கிளாஸுக்கு அடியில வைக்கிற அட்டைய எடுத்து கிளாஸ் மேல மூடணும். இது எனக்கு யாரும் சொல்லல.

லசார்ஸ்கா ஸ்டாப்புல நைட் டிராம் ஏறும்போது நான் அஞ்சுன்னு சத்தியம் பண்ணுவேன், சீட்டுல ஏழு கோடு இருந்துச்சு.